புரட்டிப் போட்ட சட்டை

கீழ்வீட்டு அக்கா கல்லீரல் வெட்டிக்கொண்டிருந்தாள். முட்டை வாங்கக் கிளம்பிய நான் படியிலேயே நின்றுவிட்டேன். மெரூன் நிறத்தில் ஒரு துண்டு, காப்பிப்பொடி நிறத்தில் ஒரு துண்டு. இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தாள்.

"தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவரு நீங்க. கல்லீரலுக்கு இதுல எது எடுப்பா இருக்கும்?"

எனக்கு வயிற்றைப் புரட்டியது. எனக்கு எதற்குத்தான் புரட்டாது? தெருமுனையில் ஒருவன் தும்மினால் மாடியில் எனக்குக் காய்ச்சல் வரும். எந்த நோயின் பெயரைக் கேட்டாலும் அது ஏற்கெனவே என்னிடம் இருப்பதாகத் தோன்றும். அப்படிப்பட்டவன் குடியிருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில்தான், அந்த மழைக்காலம் முழுவதும், ஒரு மனித உடம்பு துண்டு துண்டாகத் தயாராகிக்கொண்டிருந்தது.

"மெரூன்" என்று சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினேன். துணிக்கு ஏது வாசனை என்று தெருவுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் தையல் அறையில் வேலை. கிழிந்த போர்வைக்கு ஒட்டுப் போடுவது, தலையணை உறை, வார்டுக்குத் திரை என்று நாள் முழுக்க மெஷின் ஓடும். எல்லாவற்றையும்விட அவள் ஆசையாகத் தைத்தது ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் பச்சை அங்கிகளை. முன்பக்கம் முழுக்க மூடி, முதுகில் நாடா கட்டிக்கொள்ளும் அங்கி. தைத்து அடுக்கித் தானே தியேட்டர் வாசல்வரை கொண்டுபோவாள். அங்கே வட்டக் கண்ணாடி பதித்த இரட்டைக் கதவு. உள்ளேயிருந்து ஒரு கை நீளும், மூட்டையை வாங்கிக்கொள்ளும், கதவு ஆடி ஆடி மூடிக்கொள்ளும்.

"நான் தைக்கிற துணியெல்லாம் உள்ள போகுது தம்பி. நான் மட்டும் வெளியிலயே நிக்கறேன். உள்ள என்னதான் நடக்குது? நாடா இறுக்கமா இருக்கா, கை தூக்கினா அக்குள்ல பிடிக்குதா, ஒண்ணும் தெரியல. ஒரே ஒரு தடவை உள்ள போய் நிக்கணும்" என்பாள்.

அந்த ஆசைக்கு ஒரு வழி திறந்தது. தியேட்டருக்கு உதவியாட்கள் தேவைப்பட்டார்கள். தையல் அறை, சலவை, சமையற்கட்டு என்று எங்கே இருப்பவர்களும் வரலாம். ஆனால் உடம்பின் உறுப்புகளின் பெயரும் ஆபரேஷன்களின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய சிஸ்டர் உட்கார்ந்து வாய்மொழியாகக் கேட்பார். இரண்டு முறைதான் வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் பிறகு எப்போதும் கேட்க முடியாது.

முதல் முறை அக்கா கோட்டை விட்டாள். படிக்காமல் போகவில்லை. பெரிய சிஸ்டர் சிரித்த முகமாகத்தான், "உன் உடம்புலயே தொட்டுக் காட்டும்மா, கல்லீரல் எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். ஊரார் தோளையும் இடுப்பையும் டேப் போட்டு அளந்து பழகிய கை அது. ஆனால் எதிரே மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, தன் வயிற்றின் மேல் அதை வைக்க முடியவில்லை. கை எழாததால் வாயும் எழவில்லை. சிலை மாதிரி நின்றுவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"கல்லீரல் எங்க இருக்குன்னு எனக்கா தெரியாது? கூச்சம் தம்பி, பாழாப்போன கூச்சம். இன்னொரு தடவை இப்பிடி ஆச்சுன்னா அந்தக் கதவு எனக்கு மூடினது மூடினதுதான்" என்று சொல்லும்போது அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனால் அழுதுகொண்டு உட்காருகிற ஆள் இல்லை அவள். முதலில் வார்த்தை வாயில் ஊறட்டும், கை தானாகப் பின்னால் வரும் என்று முடிவு கட்டினாள். பழகுவதற்கு ஒரு உடம்பு வேண்டும். வீட்டில் பெரிய உடம்பு ஒன்று சும்மா படுத்துக் கிடந்தது.

அது அவள் வீட்டுக்காரர். பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். எல்லோருக்கும் மாஸ்டர். பொழுது சாயும்போது வேலைக்குப் போனால் விடிந்த பிறகு கை நிறைய ரொட்டியோடும் தலை நிறைய மாவோடும் திரும்பி வருவார். நிலைக்கதவை அடைக்கிற தோள், மூட்டை மாவைப் பிசைகிற கை. ஆனால் அவர் விலாவில் ஒரு ஈ உட்கார்ந்தால் போதும், குழந்தை மாதிரி நெளிந்து சிரிப்பார். அவ்வளவு கூச்சம். ஒருவருக்குத் தொடக் கூச்சம், ஒருவருக்குத் தொட்டால் கூச்சம். நல்ல பொருத்தம்!

அக்கா தையல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, தூங்குகிறவர் வயிற்றில் இரைப்பை வரைய ஆரம்பித்த அன்று மாடியில் என் கட்டில் அதிர்ந்தது.

"ஐயோ விடு, விடும்மா! இரைப்பையும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

"அசையாதீங்க! மண்ணீரல் கோணிக்கிச்சு பாருங்க."

"கோணினா கோணட்டும்! தூங்கற மனுஷனைக் கொலை பண்றியே!"

கடைசியில் இருவரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோய், ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். உடம்பைத் தொடக்கூடாது. சட்டையைத் தொடலாம். மாஸ்டருடைய பழைய வெள்ளைச் சட்டை ஒன்றில் உறுப்புகளைத் தைத்துவிடுவது, அதை அவர் போட்டுக்கொள்வது, அக்கா பார்த்துப் படிப்பது.

அந்தச் சட்டையைப் போல ஒன்றை நான் பிறகு பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி நடையில் மாட்டியிருந்த உடற்கூறு படத்தின் மேல் பிரவுன் பேப்பரை வைத்து, கேட்டு அனுமதி வாங்கித்தான், எல்லா உறுப்பையும் அளவு எடுத்து வந்தாள். சட்டையின் முன்பக்கத்தைப் பிரித்து, எந்தத் துணியையும் எப்படிப் போடுவாளோ அப்படியே, உள்பக்கம் மேலே தெரியும்படி மேஜையில் விரித்தாள். சாக்பீஸ் கோடு துணியின் வெளிப்பக்கத்தில் விழக்கூடாது என்பது தையலில் பாலபாடம். படத்தில் எது எங்கே இருந்ததோ அங்கே பேப்பரை வைத்துக் கோடு போட்டாள். வெளிப்பக்கத்தில் கலர்த் துணியைக் குண்டூசியால் பிடித்து, கோட்டின் மேலேயே மெஷினை ஓட்டினாள். மெரூனில் கல்லீரல். அதன் அடியில் பச்சைப் பட்டில் குட்டியாகப் பித்தப்பை. ரோஜா நிற லைனிங்கில் இரைப்பை. ஊதாவில் மண்ணீரல், மஞ்சளில் கணையம். குடலுக்கு மெத்தை ஓரம் கட்டுகிற பைப்பிங், சுற்றிச் சுற்றி வளைத்து. அதன் வாலில் கயிறு நுனி ஒன்று, அதுதான் குடல்வால். முதுகில் சிறுநீரகம் இரண்டு.

இதயத்துக்கு மட்டும் பேப்பர் தேவைப்படவில்லை. "இது தெரியாதா எனக்கு?" என்று சொல்லி, மாஸ்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும்போதே சிவப்பு வெல்வெட் துண்டை அவர் நெஞ்சின் இடப்பக்கம் வைத்துக் கையாலேயே தைத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்து நின்றார்.

அன்றிலிருந்து வீட்டில் படிப்புத்தான். வெளியே மழை ஊற்றும். மாஸ்டர் சாயங்காலத் தூக்கம் கலைந்து, அந்தச் சட்டையில், ரொட்டி ஓரத்தை டீயில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்கா எதிரே நின்று விரலை நீட்டி ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். கல்லீரல், லிவர். பித்தப்பை, கால் பிளாடர். மண்ணீரல், ஸ்ப்ளீன். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பெரிய சிஸ்டராக நடிப்பேன். எனக்கு அதில் ஒரு மிதப்பு.

உறுப்புகளை விட அக்காவுக்குப் பிடித்துப்போனது ஆபரேஷன் பெயர்கள்தான். நீளநீளமாக இருக்கிறதே என்று முதலில் பயந்தவள், அவை எல்லாம் துண்டு துண்டாக வெட்டித் தைத்த பெயர்கள் என்று கண்டுபிடித்ததும் துள்ளினாள்.

"தம்பி, ஒண்ணுமே இல்ல இது. முன்துண்டு உறுப்போட பேரு. பின்துண்டு என்ன பண்றாங்கங்கறது. நெஃப்ரோன்னா சிறுநீரகம். கேஸ்ட்ரோன்னா இரைப்பை. பின்னால எக்டமி சேத்தா வெட்டி எடுத்தாச்சு. ஆஸ்டமி சேத்தா ஓட்டை போட்டு வாய் வெச்சாச்சு, நம்ம பட்டன் காஜா மாதிரி. ஐட்டிஸ்னா வீங்கிச் சிவந்துகிடக்குது. பிளாஸ்டின்னா ஆல்டரேஷன்!"

"தைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையாக்கா?"

"இருக்கே! ராஃபி!" அவள் முகம் அப்படி மலர்ந்தது. "ராஃபின்னா தையல் தம்பி. அவங்களும் தைக்கிறாங்க. அதுக்கு ஒரு பேரும் வெச்சிருக்காங்க."

பிறகு அந்த வீட்டில் சாதாரணப் பேச்சே நின்றுபோனது. வெங்காயத்தை உரித்தால் வெங்காயெக்டமி. மாஸ்டர் சட்டையில் பட்டன் அறுந்தால் பட்டனெக்டமி, அதை அக்கா திரும்ப வைத்துத் தைத்தால் பட்டனோராஃபி. "பேக்கரியில மாவு பொங்கிடுச்சும்மா, தட்டை விட்டு வெளிய வந்துடுச்சு" என்று மாஸ்டர் சொன்னால், "மாவைட்டிஸ்" என்று அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். எனக்குக் கேஸ்ட்ரைட்டிஸ் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அடுத்த நாளே நெஃப்ரைட்டிஸும் வந்தது.

"உங்களுக்கு வந்திருக்கறது பயமைட்டிஸ்" என்றாள் அக்கா. "ரெண்டு ரொட்டி எக்ஸ்ட்ராவா சாப்பிடுங்க, போயிடும்."

சண்டை வந்ததும் ஒரே விஷயத்துக்குத்தான். மாஸ்டருக்குச் சட்டையைப் பட்டன் கழற்றி எடுக்கிற பழக்கம் இல்லை. அடுப்பு வெக்கையில் வேலை செய்கிறவர். கழுத்துப் பட்டன் இரண்டை மட்டும் தளர்த்தி, பின்கழுத்தைப் பிடித்துத் தலைவழியாக ஒரே இழுப்பு. சட்டை உள்பக்கம் வெளியே தெரியப் புரண்டு வந்து எங்காவது விழும். ஒவ்வொரு நாளும் அதை எடுத்து நேராக்குகிறது அக்காவின் வேலை.

"ஒரு நாளாவது சட்டையை நேரா கழட்டியிருக்கீங்களா? ஊருக்கெல்லாம் நேரா தைக்கிறவ, வீட்டுல புரட்டிப் புரட்டியே சாகறேன்!"

"புரட்டறதுதானே என் தொழிலு" என்பார் மாஸ்டர், மாவு புரட்டுகிற கையைக் காட்டி.

தேர்வுக்கு முந்தின நாள் மாஸ்டரின் தங்கை வந்தாள். வேறு ஒரு ஊரில், சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில் வேலை. அண்ணிக்குத் துணையாக மறுநாள் இருக்க வேண்டுமென்று லீவு போட்டுவிட்டு, மழையில் நனைந்த குடையோடு பஸ் பிடித்து வந்திருந்தாள். நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்துவிட்டால் மாஸ்டரின் பாடு திண்டாட்டம். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அண்ணன் வண்ண வண்ண வயிற்றோடு டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இரு, இரு. முழுசும் சொல்லிக் காட்டறேன்" என்று அக்கா ஆரம்பித்தாள். ஒரு திணறல் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. எனக்கே பெருமையாக இருந்தது. பெரிய சிஸ்டர் வேஷத்தில் நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

நாத்தனாரின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிட்டது.

"அண்ணி, குடல்வால் எங்கன்னு இன்னொரு தரம் காட்டுங்க."

"இதோ" என்று அக்கா கயிற்று நுனியைத் தொட்டாள்.

"அண்ணே, எழுந்திரு. உனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் குடல்வால் ஆபரேஷன் பண்ணாங்கல்ல? சட்டையைத் தூக்கு."

மாஸ்டர் தயங்கித் தயங்கிச் சட்டையின் ஓரத்தைத் தூக்கினார். தழும்பு வலப்பக்கம் அடிவயிற்றில் இருந்தது. கயிற்று நுனி சட்டையின் இடப்பக்கத்தில் தொங்கியது.

அக்கா தழும்பைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், மறுபடி தழும்பைப் பார்த்தாள். பிறகு கல்லீரலைப் பார்த்தாள். அதுவும் இடப்பக்கம். வலப்பக்கம் இருக்க வேண்டியது. இரைப்பை, மண்ணீரல், எல்லாமே பக்கம் மாறிக் கிடந்தன. கோடு போட்டது துணியின் உள்பக்கத்தில். உறுப்பு வைத்தது வெளிப்பக்கத்தில். சாக்பீஸ் எடுத்த நாள் முதல் பழகிய பழக்கம் அவளைக் கவிழ்த்துவிட்டது. வேறு யார் வரைந்திருந்தாலும், வெளிப்பக்கத்திலேயே கிறுக்கிச் சரியாகத் தைத்திருப்பார்கள்.

"ஏங்க, இத்தனை நாள் போட்டுட்டிருந்தீங்களே, உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது" என்றார் மாஸ்டர் பாவமாக. "ஆனா அதைத்தான் டாக்டர் வெட்டி எடுத்துட்டாரே. இல்லாத சாமான் எந்தப் பக்கம் இருந்தா என்னன்னு விட்டுட்டேன்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதயம் மட்டும்தான் அண்ணி சரியான இடத்துல இருக்கு" என்றாள். அடக்க அடக்க அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷின் முன்னால் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வார்த்தையெல்லாம் வாயில இருக்கு. கை தப்பால்ல போகுது. கல்லீரல்னு சொன்னா இந்தக் கை இந்தப் பக்கம்தான் போகும். நாளைக்குக் காலையில எப்பிடி மாத்தறது? பிரிச்சுத் தைக்க நேரம் ஏது? போச்சு. எல்லாம் போச்சு" என்றாள். இந்தத் தடவை கண்ணீர் கன்னத்தில் இறங்கியே விட்டது. எனக்கு உண்மையாகவே நெஞ்சை அடைத்தது. அதற்கு எந்த நோயின் பெயரும் எனக்குத் தோன்றவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், கையைப் பிசைந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ரொட்டியானால் பிசைந்தே சரிசெய்துவிடுவார். பிறகு, தினமும் செய்கிறதைச் செய்தார். இரண்டு பட்டனைத் தளர்த்தி, பின்கழுத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. சட்டை புரண்டு வந்து அக்காவின் காலடியில் விழுந்தது.

"இன்னைக்குமா?" என்று அக்கா அழுகையோடேயே சீறினாள். "இன்னைக்குக்கூட நேரா கழட்டக் கூடாதா?" சட்டையை எடுத்து உதறினாள். நேராக்குவதற்காகக் கையை உள்ளே விட்டவள் அப்படியே நின்றாள்.

புரண்ட சட்டையில் கலர்த் துணி எதுவும் தெரியவில்லை. எல்லாம் உள்ளே போயிருந்தன. வெள்ளைத் துணியின் மேல் மெஷின் ஓடிய நூல்கோடுகள் மட்டும் தெரிந்தன. மெரூன் நூலில் கல்லீரலின் ஓரம், ஊதா நூலில் மண்ணீரலின் ஓரம், வளைந்து வளைந்து குடல். அக்கா மெதுவாகச் சட்டையின் தோள்களைப் பிடித்துத் தூக்கி, யாரோ போட்டிருப்பதுபோல விரித்தாள். கல்லீரல் வலப்பக்கம் இருந்தது. குடல்வால் வலப்பக்கம் இருந்தது. இரைப்பை இடப்பக்கம்.

"புரட்டிப் போட்டா..." என்றாள்.

"புரட்டிப் போட்டா சரியா இருக்கு அண்ணி!" நாத்தனார் கத்தினாள். "அதோட எல்லாம் உள்ளயே இருக்கு. உடம்புல எங்க இருக்குமோ அங்கயே! வெளிய நின்னு பாத்தா கல்லீரல் கலராவா தெரியும்? ஓரம்கூடத் தெரியாது. தொட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்."

"இதயம் இப்ப வலப்பக்கம் வந்திடுச்சே" என்றேன் நான். ஏதோ ஒன்றாவது கண்டுபிடிக்க வேண்டுமே.

அக்கா ஏற்கெனவே பல்லால் நூலைக் கடித்துவிட்டிருந்தாள். சிவப்பு வெல்வெட் இதயம் அவள் உள்ளங்கைக்கு வந்தது. அதை எங்கே வைப்பது என்று தேடுகையில், வேறு சட்டை மாட்டிக்கொண்டு நின்ற மாஸ்டர் கையை நீட்டினார்.

"அதை என்கிட்ட குடு. நாளைக்குப் பாஸ் பண்ணிட்டு வந்து வாங்கிக்க."

"பாஸ் பண்ணலைன்னா?"

"அப்பவும் வந்து வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு, அதைப் பையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

அவர் போனதும்தான் பிரச்சினை புரிந்தது. சட்டை இருக்கிறது, உள்ளே போட உடம்பில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரே சமயத்தில் மூன்று உறுப்புகளில் வலி எடுத்தது.

"கண்ணாடி சார் வேணாம், பயந்தே செத்துடுவாரு" என்றாள் நாத்தனார். "நீங்களே போட்டுக்குங்க அண்ணி."

"நானா?"

"நாளைக்குப் பெரிய சிஸ்டர் யார் உடம்புல காட்டச் சொல்லுவாங்க? அண்ணன் உடம்புலயா?"

அக்கா நீண்ட நேரம் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு உடுத்தியிருந்ததன் மேலேயே அதை மாட்டினாள். அவளைப் போல இருவர் போகலாம் உள்ளே. பட்டன் உள்பக்கம் போய்விட்டதால் நாத்தனார் குண்டூசி குத்திவிட்டு, அவள் பின்னால் போய் நின்றாள்.

"எதிர்ல நின்னு பாக்கறதுதான் எல்லாத்தையும் குழப்புது. இப்ப நான் உங்க பின்னால நிக்கறேன். என் வலது கை உங்க வலது கை. கல்லீரல்."

அக்காவின் கை எழுந்து பாதியில் நின்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அக்காவின் குரல், ஏதோ வீட்டுக்குள் புது அறை ஒன்றைக் கண்டுபிடித்தவள் மாதிரி:

"இங்கதான்... விலா எலும்புக்கு உள்ள. நூல் தட்டுப்படுது. ஏய், இது எனக்கும் இருக்குல்ல?"

"பின்ன, உங்களுக்கு மட்டும் பஞ்சு அடைச்சா அனுப்பினாங்க?"

"இல்லடி. இத்தனை நாளும் உங்கண்ணனுக்கு இருக்கு, படத்துல இருக்கறவனுக்கு இருக்குன்னே படிச்சிட்டிருந்தேன். எனக்கும் இருக்குன்னு ஒரு நாள்கூட நினைக்கல." அவள் சிரித்தாள். "கல்லீரல் எனக்கு இருக்கு. இரைப்பை இருக்கு. இதோ கணையம். முதுகுல சிறுநீரகம் எட்டலையே, எங்க அது?"

"இங்க. வலது பக்கத்தது ஒரு விரல் கீழ."

"கீழ இருக்கு! எனக்கும் கீழதான் இருக்கு!"

அன்று சாப்பாட்டுக்கு முட்டையும் ரொட்டியும். அக்கா சட்டையைக் கழற்றாமலேயே சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் அது எந்த வழியாக எங்கே போகிறது என்று விரலால் தடவிக் காட்டிக்கொண்டே விழுங்கினாள். அப்படி ருசித்துச் சாப்பிட்டு யாரையும் நான் பார்த்ததில்லை.

காலையில் நானும் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வயிற்றைக் காட்ட வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு அறைக்கு வெளியே பெஞ்சில் நானும் நாத்தனாரும் உட்கார்ந்தோம். சட்டை வீட்டிலேயே இருந்தது. மழை விட்டிருந்ததால் ஜன்னல் திறந்திருந்தது.

"உன் உடம்புலயே தொட்டுக் காட்டும்மா" என்று பெரிய சிஸ்டரின் குரல் கேட்டது. "கல்லீரல் எங்க இருக்கு?"

நாத்தனார் என் கையைப் பிடித்து நெரித்தாள். உள்ளே சத்தமே இல்லை. ஒருவர் மூச்சு விடும் நேரம், இன்னொரு மூச்சு.

"இங்க சிஸ்டர். வலது பக்கம், விலாவுக்கு உள்ள. லிவர். அதுக்கு அடியில இங்க பித்தப்பை, கால் பிளாடர். இது இரைப்பை, இடது பக்கம். அதுக்குப் பின்னால கணையம். இது மண்ணீரல்..."

"சரிம்மா, சரி."

"இங்க குடல்வால், அப்பெண்டிக்ஸ். எங்க வீட்டுக்காரருக்கு எடுத்தாச்சு. எனக்கு இருக்கு."

"போதும்மா..."

"இன்னும் சிறுநீரகம் பாக்கி இருக்கு சிஸ்டர், ரெண்டு. திரும்பி நிக்கட்டுங்களா?"

உள்ளே எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. பெரிய சிஸ்டரும் சேர்ந்துதான் சிரித்தார். "சிறுநீரகத்தை எடுத்துட்டா அதுக்குப் பேரு?" "நெஃப்ரெக்டமி." "ஹெர்னியோராஃபின்னா?" "குடல் பிதுங்கின இடத்தைத் தைக்கிறது சிஸ்டர். அது நம்ம வேலை!" அதற்கு மேல் நாத்தனார் உட்காரவில்லை. நடையில் எழுந்து நின்று, போகிற வருகிற நோயாளிகளைப் பார்த்தெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து நேரே பேக்கரிக்குப் போனோம். மாஸ்டர் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. "காலையிலேர்ந்து யாரும் கேக்காத மாவைப் பிசைஞ்சுகிட்டே இருக்காரு" என்றார் வாசலில் இருந்த ஆள். உள்ளே அடுப்பு அனலடித்தது. பனியனும் ஏப்ரனுமாக, வாசலுக்கு முதுகைக் காட்டியபடி, மாஸ்டர் மேஜை அதிரப் பிசைந்துகொண்டிருந்தார்.

அக்கா எங்களைச் சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினாள். மெல்லப் போய் அவர் பின்னால் நின்றாள். இரண்டு கையையும் விரித்து, சட்டைக்கு அளவு எடுப்பதுபோல் தோளிலிருந்து தோள்வரை சாண் போட்டாள். மாஸ்டரின் கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"எதுக்கு இப்ப அளவு?"

"தியேட்டர்ல வேலை பாக்கறவ வீட்டுக்காரரு, பழைய சட்டையிலயா சுத்துவாரு? ஊரு என்ன பேசும்?"

மாஸ்டரின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

"ஏப்ரன் பையில இருக்கு" என்றார் கடைசியில். "என் கையெல்லாம் மாவு. நீயே எடுத்துக்க."

அக்கா பின்னாலிருந்தே கையை விட்டு எடுத்தாள். சிவப்பு வெல்வெட் பாதி வெள்ளையாகியிருந்தது. அதை ஊதக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்தே கையை அவரைச் சுற்றி வளைத்து, நெஞ்சில் அதை வைத்து அழுத்தினாள். கூச்சத்தில் மாஸ்டர் "ஐயோ!" என்று நெளிந்தார். மாவு உருண்டை மேஜையிலிருந்து உருண்டு விழுந்தது. அவள் விடவில்லை.

"பக்கம் சரியா இருக்கா பாத்துக்க" என்றார் மாஸ்டர், சிரிப்புக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு.

"இங்க நின்னா தப்பவே தப்பாது" என்றாள் அக்கா, அவர் முதுகில் கன்னத்தை வைத்து. "உங்களுக்கும் எனக்கும் ஒரே பக்கம்."